தொட்டில் அறைக்கு வந்த மீசைப் புலி

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் ரைட்டராக வீற்றிருந்து, கூலியாட்களைக் கண்ணாலும் கொசுக்களை மீசையாலும் விரட்டிவரும் அர்த்தனாரி மாமா அவர்களுக்கு, கொல்லிமலை எடப்புளி நாட்டிலிருந்து கொழுந்தியாள் அத்தாயி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் அக்கா சுகம், உங்கள் மகன் சுகம், ஆடுகள் சுகம், புலியும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்தையும், தனியாக உங்கள் மீசையின் சுகத்தையும் அறிய ஆவல். ஏன் தனியாக என்பது போகப் போகத் தெரியும்.

துரை பங்களாவில் குழந்தைக்கென்றே ஓர் அறை இருக்கிறது, நான்கு சுவரிலும் காடு வரைந்து யானை, குரங்கு, புலியெல்லாம் விட்டிருக்கிறார்கள், என் மகனுக்கும் அப்படியே வேண்டும், இல்லாவிட்டால் தொட்டில் போட வருகிற அன்றே தாயையும் பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அதை நான் வீட்டில் உரக்கப் படித்தேன். "ஒரு மலையெறங்கி இன்னொரு மலையேறிப் போறதா? தலை நிக்காத பச்சப்புள்ளைங்க அது!" என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு வேறு கவலை. "ஏம்புள்ள, கதவத் தொறந்தாக் காடு. ஊட்டுக்குள்ளயும் எதுக்குக் காடு? புலி உள்ள வரக்கூடாதுன்னுதானே செவுரே வெச்சிருக்கு? மாப்பிள்ளைக்குக் காடு பாக்கோணும்னா வாசல்ல பாயப் போட்டு உக்கார வெச்சுருவோம்" என்றார். ஆனாலும் பேரனை விட மனசு வருமா? மறுநாளே சுண்ணாம்பு குழைத்துவிட்டார்.

சுவர் காய்கிற வரைக்கும் அக்காவும் பிள்ளையும் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்துக் குடிசையில். பாதிரிப் பள்ளிக்கூடத்தில் தேசப்படம் போட்டுப் பழகிய ஒரே ஆள் நான் என்பதால் கரித்துண்டு என் கைக்கு வந்தது. முதலில் யானை. அப்பா பார்த்துவிட்டு, "மரவள்ளிக் கெழங்கு நல்லா வந்திருக்குது கண்ணு" என்றார். சரி, காட்டில் கிழங்கும் உண்டுதானே என்று அப்படியே விட்டுவிட்டேன். குரங்குக்குப் பார்த்து வரைய ஒரு மாதிரி வேண்டுமென்றேன், அக்கா குடிசையிலிருந்து கண்ணாடியைக் கொடுத்தனுப்பினாள். கரடியை வரைந்தால் அத்தாயி கரடி விடுகிறாள் என்பீர்கள், அதனால் கரடி கிடையாது. கடைசியாகப் புலி. காவியும் மஞ்சளும் குழைத்து ஆசையாய்ப் போட்டுக்கொண்டே வந்தால் மூன்றாவது காலோடு சுவர் முடிந்து கதவு வந்துவிட்டது. ஆக, அது முக்கால் புலி.

இங்கேதான் மாமா வினை பிடித்தது. "இந்த மூஞ்சியப் பாத்தாப் புள்ளைக்குச் சொரம் வந்துரும். தெரிஞ்ச மூஞ்சியாப் போடு" என்றாள் அம்மா. பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய மூஞ்சி அப்பன் மூஞ்சிதானே? விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்து, இரண்டு காது வரைக்கும் முறுக்கி, உங்கள் மீசையை அச்சு அசலாய் வைத்துவிட்டேன். புலிக்கு உங்களைவிட எடுப்பாகவே இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைக்குத் திருநீறு போட வந்த வெள்ளையன் பூசாரி அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், நெடுஞ்சாண்கிடை! "மீசையப் பாருங்க! நம்ம சாமி புலியா வந்து நிக்குது!" என்று அலறினார். "மூணு காலுதானுங்களே இருக்குது?" என்று அப்பா கேட்டதற்கு, "நாலாங்காலை எடுத்து நம்ம ஊட்டுக்குள்ள வெச்சிருச்சுங்க!" என்றார். சாயங்காலத்துக்குள் புலிக்குக் குங்குமம், விளக்கு, மாலை. சாமிக்கு நேர்ந்து கட்டிவைத்த சேவல், மரவள்ளிக் கிழங்கென்றே நம்பிக் கொத்தி யானையின் காதைத் தின்றுவிட்டது. வருகிற வாழைப்பழத்தில் பாதியை, வரைந்த கூலியாக நானே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாம் சரி, பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியாமல் சாமி இருக்கிற இடத்துக்குள் போகலாமா? கூடாதே! உங்கள் மகனுக்கென்று செய்த அறைக்குள் ஊரே போகிறது, உங்கள் மகன் மட்டும் போகக்கூடாது. அவன் குடிசையில் "ம்மே" என்று அழுகிறான், பட்டியிலிருந்து ஆடு பதில் சொல்கிறது. அக்காவோ, "அவங்க வந்து இந்தக் கோலத்தைப் பாத்தா அப்பவே எங்கள இழுத்துக்கிட்டுப் போயிருவாங்கடி" என்று மூக்கைச் சிந்துகிறாள். ஆகையால் மாமா, தொட்டில் போடுவதைத் தயவு செய்து தள்ளிப் போடுங்கள். குடிக்கூலிக்காரனாயிருந்தால் காலி பண்ணச் சொல்லலாம், சாமியிடம் யார் போய்ச் சொல்வது? இப்போது வரவே வராதீர்கள்.

மிளகு மூட்டையோடு சேந்தமங்கலம் இறங்குகிற செல்லமுத்து, கடிதத்தைத் தபாலில் போட அவசரப்படுத்துகிறான். உங்கள் பேனாவில் மையும், மீசையில் முறுக்கும், துரையின் மனசில் ஈரமும் குறையாதிருக்க முக்கால் புலிச் சாமி அருள்க.

இப்படிக்கு,
அத்தாயி

பின் குறிப்பு: வராதீர்கள் என்று மேலே எழுதியது இனிச் செல்லாது. செல்லமுத்து மூட்டை கட்டி முடிப்பதற்குள் பெருமழை பிடித்துக் குடிசை ஒழுக, அக்கா யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அறைக்குள் போய்விட்டாள். "தீட்டு! தீட்டு!" என்று பூசாரி கத்த, உங்கள் மகன் மீசையைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்து, புலியின் மூஞ்சியிலேயே சர்ரென்று அடித்தானே ஒன்று! எண்ணெய்க் கரியல்லவா, மீசை துளி கலையவில்லை. பூசாரி விளக்கைத் தூக்கி மீசையைக் கிட்டத்தில் பார்த்தார். "அபிசேகம் ஏத்துக்கிச்சுங்க. தீட்டுக் கழிஞ்சுது" என்றார். இப்போது தாயும் பிள்ளையும் புலியடியில் தூங்குகிறார்கள். ஆகவே உடனே வாருங்கள்.

ஒன்றே ஒன்று. மீசை வளர்ந்த பிறகு பூசாரி உங்களைப் பார்த்ததில்லை. மீசையோடு வந்தால் நீங்கள்தான் சாமி, எங்கள் சாமி மலையை விட்டு இறங்கக்கூடாதென்பது ஊர்க்கட்டு. மீசையை எடுத்துவிட்டு வந்தால் உங்கள் மகனுக்கு உங்களை அடையாளம் தெரியாது, வீறிட்டு அழுவான், அழுகிற பிள்ளையைத் தூக்கிப் போக அம்மா விடமாட்டாள். எது வசதியோ அப்படி வாருங்கள் மாமா. சேவல் தயாராக இருக்கிறது: சாமியானால் படையலுக்கு, மாமாவானால் குழம்புக்கு.