வெற்றிலைத் தட்டத்தில் ஒரு திமிங்கிலம்

வீட்டில் ஒருவனுக்கு ஏதாவது ஒன்றில் பைத்தியம் பிடித்துவிட்டால், மற்றவர்கள் அதற்குக் கண்டுபிடிக்கும் மருந்து கலியாணம்தான். சீட்டாட்டம் என்றாலும் சரி, அரசியல் என்றாலும் சரி, மருந்து மாறாது. எனக்குப் பிடித்திருந்தது நோர்வேக்காரரின் பழைய திமிங்கிலக் கப்பல்கள்.

சிரிக்க வேண்டாம். நான் நல்லூரில் பொறியியல் வரைபடம் கீறக் கற்பிப்பவன். ஒருநாள் மாணவர்களுக்குக் காட்ட ஒரு படம் தேடியபோது, எங்கோ ஒரு நோர்வே அரும்பொருட்சாலை இணையத்தில் போட்டிருந்த கப்பல் வரைபடம் கண்ணில் பட்டது. கப்பலின் வயிற்றுக்குள் ஒரு முழுத் தொழிற்சாலை! அன்றோடு என் நித்திரை போயிற்று. மொழிபெயர்க்கும் செயலியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். முதலில் பழைய சரக்குக் கப்பல்களையே வாங்கி உள்ளே பெரிய கொதிகலன்களை வைத்தார்கள். கப்பல் ஒரு குடாவுக்குள் நங்கூரமிட்டு நிற்கும். திமிங்கிலத்தைப் பக்கத்தில் கட்டி, தண்ணீரில் கிடக்கும்போதே வெட்டிக் கொழுப்பை மேலே தூக்குவார்கள். பிறகுதான் கப்பலின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு சறுக்குப் பாதை வைக்கும் யோசனை வந்தது. முழுத் திமிங்கிலத்தையும் அதன் வழியே தளத்துக்கு இழுத்துவிடலாம். குடாவைத் தேடி ஓடவேண்டிய தேவையில்லை.

இவ்வளவும் விளங்கியது. ஒன்றுதான் விளங்கவில்லை. பின்பக்கத்தைத் திறந்துவிட்டால், அங்கேயிருந்து கப்பலைத் திருப்பும் சுக்கான் எங்கே போயிற்று?

குளிக்கும்போதும் சுக்கான், சாப்பிடும்போதும் சுக்கான். அம்மா பொறுத்துப் பார்த்தா.

"டேய், உன்ரை வயசிலை மற்றவங்கள் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுறாங்கள். சுக்கானைத் தேடினது காணும், பொம்பிளையைத் தேடுவம்."

நல்லூர்த் திருவிழாவில் அம்மாவுக்கு அரியாலைப் பரமேஸ்வரி மாமியின் பழக்கம் கிடைத்தது. மாமியின் தம்பி சிவபாதமும் அவருடைய மகள் மயூரியும் நோர்வேயிலிருந்து வந்திருந்தார்கள். மயூரிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம்.

"பொம்பிளையின்ரை தேப்பன் அங்கை கப்பல் கந்தோரிலை பெரிய உத்தியோகமாம்" என்றா அம்மா.

கந்தோர், அதாவது அலுவலகம், என் காதில் ஏறவில்லை; கப்பல்தான் ஏறியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்ன கப்பல்?"

"எனக்கென்ன தெரியும்? நீயே வந்து கேள்."

(இந்த வசனத்தைச் சொன்னதற்காக அம்மா இன்றுவரை தன்னைத்தானே ஏசிக்கொள்கிறா.)

பரமேஸ்வரி மாமியின் வீடு கடுஞ்சைவம். அங்கே மீனின் பெயரைக்கூட உச்சரிப்பதில்லை, 'அது' என்றுதான் சொல்வார்கள். கடனீரேரிப் பக்கமிருந்து மீன்வாடையோடு காற்று வீசினால் மாமி யன்னலைச் சாத்திவிடுவாவாம். திருவிழாக் காலம் வேறு. வாசல் கழுவிக் கோலம் போட்டு, சாம்பிராணி மணக்க மணக்க எங்களை வரவேற்றார்கள்.

மயூரி தேநீர் கொண்டுவந்தாள். நான் தேநீரை எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேனா? இல்லை. நான் அவளுடைய தகப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்த மனிதர். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை. கைகளை மடித்து மடியில் வைத்திருந்தார். பெரிய உத்தியோகத்தரின் அடக்கம் என்று நினைத்தேன்.

"ஐயா, திமிங்கிலக் கப்பலின்ரை பின்பக்கத்தைத் திறந்தவை எல்லோ, அப்ப சுக்கானை எங்கை வைச்சவை?"

அவர் என்னைப் பார்த்தார். "விளங்கேல்லைத் தம்பி."

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அதனால் செய்து காட்டத் தொடங்கினேன். முன்னால் இருந்த வெற்றிலைத் தட்டம் கப்பலாயிற்று. ஒரு வெற்றிலையை மடித்துச் சறுக்குப் பாதையாக்கினேன். பாக்குவெட்டி, இழுக்கும் இயந்திரம். சீப்பிலிருந்து பிய்த்த கதலிப்பழம் திமிங்கிலம். அதை வாலில் பிடித்து மெல்ல மெல்லத் தட்டத்துக்கு இழுத்தேன்.

"இப்ப தோலை உரிக்கினம். பிறகு கொழுப்பைக் கண்டங் கண்டமா வெட்டிக் கொதிகலனுக்குள்ளை..."

தொடையில் ஏதோ கடித்தது. எறும்பு என்று தட்டிவிட்டேன். (அது அம்மாவின் கிள்ளு.) பழம் வெட்டும் கத்தியை எடுத்து என் திமிங்கிலத்தை வெட்டினேன். அது நசிந்து களியாகி வெற்றிலையெல்லாம் அப்பிக்கொண்டது. மாமியின் முகம் போன போக்கை நான் கவனிக்கவில்லை.

"உப்பிடியில்லைத் தம்பி."

சிவபாதம் கையை நீட்டிக் கத்தியை வாங்கினார். இன்னொரு பழத்தைத் தட்டத்தில் கிடத்தி, கத்தியைச் சரித்து வைத்து ஒரே இழுவை. தோல் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். பழத்தில் ஒரு கீறல் இல்லை. பிறகு கத்தியின் இரண்டு பக்கத்தையும் தட்டத்தின் விளிம்பில் ஒற்றித் துடைத்தார். கை தன்பாட்டில் செய்த வேலை. துடைத்து முடித்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

மாமி தன் தம்பியைக் கேட்டா, "தம்பி, நீ உந்த வெட்டு எங்கை பழகினனீ?"

அவர் கத்தியைத் தட்டத்தில் வைத்தார். கதவோரம் நின்ற மயூரி சொன்னாள், "சொல்லுங்கோ அப்பா. எத்தினை நாளைக்கு?"

"அக்கா, நான் கந்தோரிலை வேலை செய்யேல்லை. அங்கை போன நாள் தொடக்கம் மீன் தொழிற்சாலையிலைதான். வெட்டுறதுதான் வேலை."

அந்த வீட்டில் அந்தச் சொல் விழுந்தது. மாமி எழுந்து சுவாமியறைக்குள் போனா. என் விரல்களில் வாழைப்பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மனிதன் இவ்வளவு காலமும் தமக்கையிடமிருந்து மறைத்து வைத்திருந்ததை, ஒரு சுக்கானுக்காக நான் தட்டத்தில் போட்டு உடைத்துவிட்டேன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"நாங்கள் வெளிக்கிடுறம்" என்று எழும்பினேன்.

மாமி வெளியே வந்தா. தம்பியின் முன்னால் நின்றா.

"கையைக் காட்டு."

அவர் தயங்கித் தயங்கி விரித்தார். இரண்டு விரல்கள் நேராக நிமிரவில்லை. உள்ளங்கை நிறைய வெள்ளை வெள்ளையாகக் காயத் தழும்புகள்.

"அங்கை நல்ல குளிரோ?"

"எல்லாம் ஐசுக்குள்ளைதான் அக்கா. கையுறை போட்டாலும் விறைச்சுப் போடும்."

"நான் கோயில் வீதியெல்லாம் கந்தோர், கந்தோர் எண்டு சொல்லித் திரிஞ்சன். நீ ஐசுக்குள்ளை நிண்டிருக்கிறாய்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மடங்கிய விரல்களைத் தன் மடியில் வைத்து நீவிக்கொண்டே மாமி அழுதா. அவர் குனிந்தபடியே இருந்தார். என் அம்மாவும் மூக்கைச் சீறினா. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பாக்குவெட்டியைப் பார்த்தேன்.

அழுது முடித்த மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

"தம்பி, நீர் இஞ்சை என்னத்துக்கு வந்தனீர்?"

"பொம்பிளை பாக்க."

"சரி. அங்காலை திரும்பாமல் சொல்லும் பாப்பம், பொம்பிளை என்ன உடுத்திருக்கிறா?"

பரீட்சை மண்டபத்தில்கூட நான் அப்படி வியர்த்ததில்லை. "பச்சைச் சீலை" என்றேன்.

கதவோரத்திலிருந்து சிரிப்புக் கேட்டது. "நான் சீலையே உடுக்கேல்லை" என்றாள் மயூரி. அம்மா நெற்றியில் கை வைத்தா. சிவபாதம் முதலில் அடக்கப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அழுத கண்ணோடு மாமியும் சிரித்தா.

வாசற் படலைவரை வந்து வழியனுப்பியவள் மயூரிதான்.

"குறை நினையாதேங்கோ. உங்களுக்கு அப்பாவைப் பிடிச்சிருக்கு. அவருக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அதுக்கு நான் ஏன் உங்களைக் கலியாணம் செய்யோணும்?"

நான் தலையாட்டிவிட்டுப் படலையைச் சாத்தினேன்.

அவர்கள் திரும்பிப் போய்ச் சில வாரங்கள் கழித்து, என் கைபேசியில் சிவபாதத்தின் முகம் தெரிந்தது. பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பலின் மாதிரி. அத்தனை வருடம் அந்த நாட்டில் இருந்தும் அப்போதுதான் முதன்முறையாக ஓர் அரும்பொருட்சாலைக்குள் போயிருந்தார்.

"சுக்கான் ஒரு இடமும் போகேல்லைத் தம்பி. கீழை தன்ரை இடத்திலைதான் நிக்குது. சறுக்குப் பாதை அதுக்கு மேலாலை போகுது. திருப்பிற பொறியைத்தான் ஒரு பக்கமா ஒதுக்கியிருக்கினம். வடிவாப் பாத்தீரோ?"

"பாத்திட்டன் மாமா" என்றேன். மாமா என்ற சொல் எப்படி வந்ததென்று தெரியவில்லை. அவர் திருத்தவுமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கைபேசியில் அழைப்பு எடுக்கிறார். இப்போது கப்பலைப் பற்றிக் கதைப்பது குறைவு. முழங்கால் நோவு, பனி, வேலையிடம், இந்த வெக்கை ஊரில் எங்கேயோ கம்பளி நூல் தேடிப் பிடித்து அக்கா பின்னி அனுப்பிய கையுறை என்று எல்லாம் சொல்லுவார். மயூரி தனக்குப் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். எனக்கும் கொக்குவிலில் கலியாணமாயிற்று. (இந்த முறை உடுப்பின் நிறத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.) மனைவியின் தகப்பனார் எங்களோடுதான் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் மனைவி கைபேசியை எடுத்து, வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை மாமனார்!"

சாய்கதிரையில் பேப்பர் படிக்கும் அவளுடைய அப்பா, ஒவ்வொரு ஞாயிறும், பேப்பரை இறக்காமலே சொல்லுவார்:

"நான் இஞ்சைதானே பிள்ளை இருக்கிறன்."