டெஸ்டிங்காரரின் இரண்டு கைகள்

கடவுளே நேரில் வந்து, "உன் நோயைத் தீர்த்தேன்" என்று வரம் கொடுத்தாலும், "மொதல்ல இடது கைக்கு மட்டும் குடுங்க சாமி, வலது கை அப்படியே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பாக்கணும்" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் டெஸ்டிங்காரர்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வேடசந்தூரில் ஒரு நூல் மில்லில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் ஆபீஸ் குமாஸ்தா. அவர் நூலின் கனத்தையும் பலத்தையும் சோதிக்கும் டெஸ்டிங் பிரிவு. ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவருக்கு முழங்கை, முழங்கால் எல்லாம் சிவந்து, வெள்ளைச் செதிலாக உதிரும் காளாஞ்சகப் படை. மற்றவர்கள் அதை முழுக்கைச் சட்டைக்குள் மறைப்பார்கள். இவர் அதற்கு ஒரு நோட்டுப் போட்டார்.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். யார் சொன்னாலும் இடது கையில் மட்டும் தடவுவார். வலது கைக்கு வெறும் தேங்காயெண்ணெய். வெட்பாலைத் தைலம் பூசி ஒரு மாதம் இடது கை நாவல்பழ நிறத்தில் இருந்தது. மெஸ்காரர் பயந்துபோய், "என்னப்பு, மிஷின்ல கை மாட்டிக்கிச்சா?" என்றார்.

கத்தரிக்காய் கரப்பான், படையைக் கிளப்பிவிடும், தொடாதே என்றார்கள். ஒரு மாதம் விட்டார். அடுத்த மாதம் மெஸ்காரரிடம் சொல்லிவைத்துத் தினமும் தின்றார். மெஸ்ஸில் எங்களுக்கும் தொட்டுக்கொள்ள வேறு வெஞ்சனம் கிடையாது. முடிவில் தீர்ப்புச் சொன்னார்: "என் ஒடம்புக்குக் கத்தரிக்கா மேல ஒரு குத்தமும் இல்லப்பா. மார்கழிப் பனியும் மனக்கவலையுந்தான் கெளப்பி விடுது. குளிச்ச ஈரத்தோட எண்ண வச்சா அடங்குது. சொறிஞ்சா ஏறுது."

எல்லாம் சரி, பெண் அமையவில்லை. மூன்று வீடுகளில் கையைப் பார்த்ததுமே ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். ஜாதகத்தை அதுவரை யாரும் கேட்கவேயில்லை. மனிதர் வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நோட்டில் அந்த மூன்று மாதமும் படை ஏறியிருந்தது.

நாலாவதாக அகரத்தில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீடு. முழுக்கைச் சட்டை போடச் சொல்லிக் கெஞ்சினேன். அரைக்கையில்தான் வந்தார். பெண்ணின் அப்பா உதட்டைப் பிதுக்கி, "ஒட்டுவாரொட்டியா தம்பி?" என்றார்.

"இல்லங்கய்யா. சாம்பிள் கூட்டியாந்திருக்கேன்" என்று என்னைக் காட்டினார் டெஸ்டிங்காரர். "நாலு வருசமா ஒரே ரூம், ஒரே பாய், ஒரே துண்டு. மொத நாள்ல இருந்தே. ஏப்பா, சட்டையக் கழட்டு."

கழற்றினேன். பெண் வீட்டில் வெற்று முதுகைக் காட்டி நின்ற மாப்பிள்ளைத் தோழன் திண்டுக்கல் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெண்ணின் அப்பா, மாடு பிடிக்க வந்தவர் மாதிரி என்னைச் சுற்றி வந்தார்.

"கொணமாயிருமா?" கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணே கேட்டாள்.

"முழுசாப் போகாது. வரும், அடங்கும். அடக்கி வைக்க எனக்குத் தெரியும்" என்றார்.

கதவு ஒரு சாண் திறந்தது. பிறகு, "எண்ணதான வேணும்? தோப்புல அம்புட்டுத் தேங்கா கெடக்கு. அந்த அண்ணனச் சட்டையப் போடச் சொல்லுங்க" என்றாள்.

தை மாதம் கல்யாணம். பந்தியில் கத்தரிக்காய் இரண்டு விதம்.

நோட்டில் ஒரு கணக்கைக்கூட மாற்றி எழுதாத அந்த மனிதர் அகரத்தில் ஒரே ஒரு பொய் சொன்னார்: "மொத நாள்ல இருந்தே." அறைக்கு வந்த புதிதில், இரண்டு மாதம் நான் என் பாயை வாசலோரம் தள்ளிப் போட்டு, துண்டையும் சோப்பையும் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். அவர் பார்த்தார். பார்த்தும் அதை நோட்டில் எழுதாமல் விட்டார். அவருக்காக நான் எந்த ஊரிலும் சட்டையைக் கழற்றுவேன்.