துரு எடுக்கும் மாத்திரை

மனைவியை எப்படியாவது முந்திவிடுவது என்று விஸ்வநாத் முடிவு செய்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. வாழ்க்கையில் அல்ல, அந்த ஆசையை எப்போதோ விட்டுவிட்டார். ஹைதராபாத் கச்சிபௌலியில் நடக்கப்போகும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில்.

ஓட ஆரம்பித்தது அவர்தான். தொப்பையைக் குறைக்க டாக்டர் சொன்னார். மௌலா அலி காலனியில் தனியாக ஓடினால் நாய் துரத்துகிறது என்று துணைக்கு மனைவி ஜலஜாவை அழைத்துக்கொண்டார். மூன்றே மாதம். அதன்பின் நாய்களுக்கு விஸ்வநாத் மட்டும்தான் கிடைத்தார். ஜலஜா அடுத்த தெருவில் இருந்தாள்.

ஜலஜா ஜூனியர் காலேஜில் உயிரியல் நடத்துபவள். பேச்செல்லாம் வகுப்போடு சரி. வீட்டில் சுருக்கம். ஊர் மாறியும் பொள்ளாச்சித் தமிழ் மட்டும் மாறவில்லை.

"அம்மிணி, பந்தயம் வச்சுக்கலாமா?" என்றார் ஒரு நாள். "தோத்தவங்க ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை சமையல்."

"ஜெயிச்சவங்க?"

"காலை நீட்டி உக்காந்து சாப்பிடறது."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. கல்யாணத்துக்கே இரண்டு மாதம் யோசித்தவள்.

பயந்துபோன விஸ்வநாத் கீழ்வீட்டு சூசைராஜிடம் ஓடினார். சூசைராஜ் ரயில்வே பணிமனைக்காரர். மூன்று தலைமுறையாக ஹைதராபாத், தமிழில் ஊர் இந்தியும் கலந்திருக்கும்.

"கைக்கு சார், ஏன் கவலை? ஓடுனா ஆக்ஸிஜன் ஜாஸ்தியா உள்ள போவுதா? காத்து பட்டா இரும்புக்கு என்ன ஆவும்?"

"துரு பிடிக்கும்."

"ஹவ், ஆமா! உடம்புக்கும் அதேதான். ஆன்டிஆக்ஸிடன்ட் போடுங்க. வைட்டமின் சி, வைட்டமின் ஈ. துரு போயிடும், நீங்க துருதுருன்னு ஆயிடுவீங்க."

"வீட்ல சொல்லலாமா?"

"நக்கோ சார், வேணாம்! அவங்களும் போட்டா உங்களுக்கு என்ன லாபம்?"

நியாயம்தான். இரண்டு பெரிய டப்பா வாங்கிப் பரணில் பழைய ஹெல்மெட்டுக்குள் ஒளித்தார் விஸ்வநாத். ஒரு நாளைக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. அவர் நான்கு போட்டார். தினமும் ஸ்டூலில் ஏறி இறங்கியதே தனிப் பயிற்சி.

"ஏனுங்க, பரண்ல என்ன?"

"பல்லிச் சத்தம் கேட்டுச்சு."

"தினமுமா?"

"அதே பல்லிதான்."

ஜலஜா மேடான தெருக்களாகத் தேடி ஓடினாள். கால் வலித்தால் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாள். கொய்யாப்பழம் தின்றாள். விஸ்வநாத்துக்குப் பரிதாபமாக இருந்தது. உயிரியல் படித்து என்ன பிரயோசனம்?

பத்து வாரம் போயிற்று. ஜலஜாவின் ஓட்ட நேரம் பதினொரு நிமிடம் இறங்கியிருந்தது. விஸ்வநாத்தின் நேரம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மருந்து போதவில்லை என்று ஐந்தாக்கினார்.

ஓட்டத்தன்று பதினாறாவது கிலோமீட்டரில் மேம்பாலம் வந்தது. எழுபது வயதுக்காரர் ஒருவர் போனில் யாரிடமோ சாவகாசமாகத் தெலுங்கில் பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார். கடைசி ஒரு கிலோமீட்டர் விஸ்வநாத் ஓடினார் என்று சொல்ல முடியாது. வந்து சேர்ந்தார்.

"நான்னா, அம்மா எப்புடோ வச்சேசிந்தி!" என்று கூவினாள் தெலுங்கிலேயே வளர்ந்த மகள் தாரிணி. அம்மா எப்போதோ வந்துவிட்டாளாம். எப்போதோ என்றால் முப்பத்திரண்டு நிமிடம் முன்னால். ஜலஜா புல்வெளியில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தோற்றாயிற்று, இனி ஒளித்து என்ன? துருவிலிருந்து மாத்திரைவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"தெரியுமுங்க. முதல் வாரமே ஸ்டூல் போட்டுப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"காலேஜ் லைப்ரரில உக்காந்து படிச்சேன். நீங்க சொல்ற அந்தத் துரு கொஞ்சம் இருந்தாத்தான் தசைக்கு 'பலமாகு'ன்னு சேதி போகுமாம். மாத்திரையை அள்ளிப் போட்டா அந்தச் சேதி அமுங்கிப்போகலாம்னு சில ஆராய்ச்சியில சொல்றாங்க. எல்லாருக்கும் அப்படியான்னு இன்னும் முடிவாகலை."

விஸ்வநாத் விரல்விட்டு எண்ணினார். பத்து வாரம்! எத்தனை தடவை ஸ்டூல் ஏறியிருப்பார்!

"அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல அம்மிணி?"

ஜலஜா கடைசி வாய் உப்புமாவை நிதானமாக மென்று முடித்தாள்.

"சொன்னா நிறுத்திப்போடுவீங்களே."