தராசக்கா கடையில் ஆக்கிய சோறு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாமியைக்கூடச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் தராசக்கா. மாரியம்மனுக்கு உடைக்கப்போகிற தேங்காயைக் காதில் வைத்து ஆட்டி, அதையே பூசாரியின் காதிலும் ஆட்டிக் காட்டிய பிறகே தட்டில் வைப்பார். "நாளைக்கு அழுகலா இருந்தா என்னையத்தானே சொல்லுவீங்க" என்பார். பூசாரி கண்ணை மூடிக்கொள்வார்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. இந்தப் பெயர் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வந்தது. மலையில் கொழுந்து பறித்து வந்தால், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கிலோ கிலோவாகக் கழிப்பார். மற்றப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். இவர் மட்டும் அட்டன் பஜாரில் கொக்கித் தராசு ஒன்றை வாங்கி, மரக்கிளையில் மாட்டி, முதலில் தானே நிறுத்துவிட்டுத்தான் சாக்கைத் தூக்கிக்கொண்டு போவார்.

"ஐயா, என் தராசுல பதினெட்டு. ஒங்க தராசுல பதினஞ்சு. அதுக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?"

அன்றிலிருந்து அந்தத் தராசு அவருடைய பையைவிட்டு இறங்கவில்லை. டிக்கோயாவில் ஒரு பேக்கரியில் பாண் ரொட்டியை நிறுத்துப் பார்த்து, குறைந்த நிறைக்கு இன்னொரு பாணில் துண்டு வெட்டி வாங்கினாராம். கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டதுமே படிக்கல்லைத் துடைத்து வைப்பார்கள் என்று சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை, என் ரைஸ் குக்கர் எரிந்துபோகும் வரை.

என் மகள் பிறந்து மூன்றாம் நாள் அது. மனைவி செல்வி இன்னும் ஆஸ்பத்திரியில். ராப்பகலாக அங்குமிங்கும் அலைந்த தூக்கக் கலக்கத்தில், உள்சட்டியை வைக்காமலே அரிசியையும் தண்ணீரையும் நேராகக் குக்கருக்குள் கொட்டிச் சுவிட்சைப் போட்டுவிட்டேன். 'டப்' என்றது. அந்தச் சத்தம் பொகவந்தலாவை வரை கேட்டிருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். வெளியே ஓயாத மழை. நனைந்த விறகை அடுப்பில் வைத்தால் எங்கள் லயத்து வரிசை வீட்டுக் காம்பரா அறைக்குள் ஆளுக்கு ஆள் முகம் தெரியாத புகை மண்டும். பெரியவர்களே இருமித் தீர்ப்போம். மூன்று நாள் பிள்ளை என்ன செய்யும்? கையிலிருந்த காசுக்கோ புதுக் குக்கரின் மூடிதான் வரும். உண்மையில் நான் அழுதுவிட்டேன்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து தராசக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, குக்கரா போச்சு? அதுக்கா இந்த அழுக?"

"பழசு ஏதாவது வாங்கலாம்னு பாக்குறேங்க்கா."

"பழசு என்னைக்கு எரியும்னு யாரு கண்டா? புதுசே வாங்குவோம். பழைய வெலைக்கு."

"அது எப்படிக்கா?"

"பேசாம வாங்க தம்பி."

அட்டனில் ஒரு மின்சாமான் கடை. அக்கா குக்கர் ஒன்றைக் காட்டி, "மொதலாளி, வேல செய்யுதான்னு பாக்கலாங்களா?" என்றார். வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்த முதலாளி, "பாருங்கம்மா, பிளக் அங்க இருக்கு" என்று கையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள் என நினைத்திருப்பார், பாவம்.

அக்கா பையைத் திறந்தார். தராசுக்குக் கீழிருந்து கழுவிய அரிசி வந்தது. ஒரு போத்தல் தண்ணீர் வந்தது. முதலாளி திரும்பிப் பார்த்தபோது கடைக்குள் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"ஐயையோ, என்னம்மா இது?"

"நீங்கதானே பாக்கச் சொன்னீங்க. லைட்டு எரியிறதப் பாத்தா வயிறு நெறையுங்களா?"

அரை மணி நேரம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மழைக்கு ஒதுங்கியவர்களெல்லாம் உள்ளே வந்து குக்கரைச் சுற்றி நின்றார்கள். சுவிட்சு 'டக்' என்று எழும்பியதும் ஒருவர் கைகூடத் தட்டினார். அக்கா ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, "பதமாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். பையிலிருந்து மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வந்தது. கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் முதலாளிக்கும் தாளில் வைத்துக் கொடுத்தார். மத்தியானப் பசி. முதலாளி கோபத்தோடுதான் வாங்கினார். ஆனால் இரண்டாம் தரமும் வாங்கினார்.

அவர் கை கழுவிவிட்டு வந்ததும் அக்கா தொடங்கினார். "இப்ப இது பழைய குக்கர் மொதலாளி. பழைய வெலைய சொல்லுங்க."

"அம்மா! சோறு ஆக்குனது நீங்க!"

"ஆக்குனது நானுதாங்க. தின்னது நீங்க."

கடையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. குக்கரைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார் என்று நான் வாசலைப் பார்த்தேன். அப்போது அக்காவின் குரல் இறங்கியது.

"நாளைக்கு இந்தத் தம்பி வீட்டுக்குப் பச்சப்புள்ள வருதுங்க. காம்பரா முழுக்கப் பொக. நான் வேற என்னத்தச் செய்வேன், சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு குக்கரைத் தானே துடைத்துப் பெட்டியில் வைத்தார். என் கையிலிருந்ததை எண்ணாமலே வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் கொஞ்சம் திருப்பியும் தந்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேம்மா. அடுத்த முற அரிசி இல்லாம வாங்க."

மறுநாள் பிள்ளை வந்த சற்று நேரத்தில் அக்காவும் வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். புகை இல்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து தராசை எடுத்தார்.

"அக்கா, வேணாங்க்கா!" என்று செல்வி அலறினாள்.

யார் கேட்டது? சேலைத்துண்டில் தொட்டில் கட்டி, குல்லாய், சுவெட்டர், இரண்டு டவலோடு பிள்ளையைக் கொக்கியில் மாட்டிவிட்டார். கீழே என் இரண்டு கைகள், அதற்குக் கீழே செல்வியின் இரண்டு கைகள். முள் மூன்று கிலோவில் நின்றது. ஆஸ்பத்திரி அட்டையில் இரண்டு கிலோ எழுநூறு.

"பாத்தீங்களா? நம்ம புள்ளைக்கு முன்னூறு கிராம் கொறச்சுப் போட்டிருக்காங்க!"

"அக்கா, துணிக்குக் கழிக்கணுமேக்கா."

தராசக்கா என்னை முறைத்தார். "கழிக்கிறதெல்லாம் அவங்க வேல தம்பி. நம்ம புள்ளைக்கு நம்ம கழிக்கப்படாது."

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிறந்தபோது என்ன நிறை என்று யார் கேட்டாலும், நானும் செல்வியும் மூன்று கிலோ என்றுதான் சொல்கிறோம்.