செங்கோட்டை வண்டியின் முக்கால் துரை

தாமிரபரணிக் கரையில் பிறந்தும் வெயிலோடு சொந்தப் பகை வைத்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நாமெல்லாம் வெயிலைப் பொதுவாக வைவோம். அவரோ அது தன்னை மட்டும் தேடி வந்து அடிப்பதாக நம்பினார். தன் முகத்தில் இருக்கும் வெள்ளையைத் திருடத்தான் சூரியன் தினமும் உதிக்கிறது என்பது அவர் கட்சி. ஆகவே தலையில் தக்கைத் தொப்பி, தொப்பிக்கு மேல் குடை, முகத்தில் பவுடர். இத்தனையும் பிளாட்பாரக் கூரையின் நிழலில் நிற்கும்போது!

முதல் யுத்தத்துக்கு முன்னால் திருநெல்வேலி–செங்கோட்டை பாசஞ்சர் வண்டிக்கு அவர் கார்டு. நான் திருநெல்வேலி ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தா. பிற்பாடு தலைமை ஆபீஸில் விதிப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் பெயரை ஊரில் யாரும் சொன்னதில்லை. முக்கால் துரை என்றால்தான் தெரியும்.

இந்தப் பட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ரயிலில் பெட்டிக்கு மட்டுமல்ல, ஊழியருக்கும் வகுப்பு இருந்த காலம் அது. சீமையில் பிறந்த வெள்ளைக்காரர் மேலே. நாம் கீழே. இரண்டுக்கும் நடுவில், வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் நம் ஊர்த் தாய்க்கும் பிறந்த சட்டைக்காரர்கள். சர்க்கார் அவர்களை முதலில் யுரேஷியன் என்றது, பிறகு யோசித்து ஆங்கிலோ இந்தியன் என்றது. பெயர் மாறிய அளவுக்குச் சம்பளம் மாறவில்லை. நம் கார்டு தம்மை முழுத் துரை என்று சொல்லிக்கொண்டார். ஊழியர்கள் அவரைப் பாதித் துரை என்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நடுநிலைமைக்காரர், முக்காலில் முடித்துவைத்தார்.

வள்ளியூரைத் தெற்கே தாண்டியதில்லை, மதுரையை வடக்கே தாண்டியதில்லை. ஆனால் மார்கழி பிறந்தால், "எங்க ஊர்ல இப்ப பனி கொட்டும் வே" என்று பெருமூச்சு விடுவார். கிறிஸ்துமஸ் அன்று சீமை வழக்கப்படி குவார்ட்டர்ஸில் கரியடுப்பை மூட்டி, கோட்டும் போட்டுக்கொண்டு அதன் முன் உட்கார்ந்து, வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்பார். பழைய சோற்றைக் கரண்டியாலும் கருவாட்டைக் கத்தி, முள்கரண்டியாலும் சாப்பிடுவார். கதவைச் சாத்திக்கொண்டுதான்.

தகப்பனார் சீமைக் கப்பலில் கேப்டன் என்பார். தாயாரோ எடின்பரோ நகரத்துப் பெரிய வீட்டுப் பெண்ணாம்; அங்கேயே கல்லறையில் இருக்கிறாராம். கல்லறைமேல் ரோஜாக்கொடி படர்ந்திருப்பதுவரை வர்ணிப்பார். உண்மையில் தகப்பனார் ஆற்றுப் பாலம் கட்ட வந்த ஓவர்சியர். பாலம் முடிந்ததும் போனவர் திரும்பவில்லை. தாயார் அந்தப் பாலத்துக்குச் சாந்துச் சட்டி சுமந்தவர். அப்போது சேரன்மகாதேவியில், எங்கள் பேச்சில் சேர்மாதேவியில், ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார்.

இது எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியாமல் இருக்கும்? தினமும் வண்டி சேரன்மகாதேவியில் நிற்கும்போது, ஒரு கிழவி செம்பில் ஆட்டுப்பால் கொண்டுவந்து கார்டு பெட்டியருகே நிற்பாள். துரை விறைப்பாக இறங்குவார். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி, "தேங்க்யூ, மை குட் உமன்!" என்பார்.

கிழவி தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசையாமல் சொல்லுவாள்: "பைய குடிலே. சுடுது."

போர்ட்டர் வேறு பக்கம் பார்ப்பான். அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு மனிதன் கஷ்டப்பட்டுக் கட்டிய பொய்யை இடிக்க அந்தப் பாதையில் எவருக்கும் மனசு வரவில்லை.

அவருக்கு உயிர் என்றால் 'துரைமார் பெட்டி'. மூன்றாம் வகுப்பில் வெள்ளைக்காரருக்கும் சட்டைக்காரருக்குமென ஒரு பெட்டியை ஒதுக்கியிருந்தார்கள். பெரும்பாலும் காலியாகவே ஓடும். யாரை ஏற்றுவது என்பதற்கு அங்கே இருந்த விதி, ஐரோப்பிய உடை அணிந்திருக்க வேண்டும் என்பது. நம் துரை அதை உடைத்துக் காய்ச்சி வடிகட்டி ஒரே பொருளாக்கிவிட்டார்: தொப்பி.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கால்சட்டை, கோட்டு, தொப்பியோடு வந்து ஏறினார். கறுப்பில் அடுத்த பெட்டிக்காரர்களுக்கு எள்ளளவும் குறைந்தவரல்லர். துரை சலாம் வைத்தே ஏற்றினார். அடுத்த ஸ்டேஷனான பேட்டையில் எட்டிப் பார்த்தால், வாத்தியார் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருக்கிறார்.

"எறங்கும் வே! தொப்பி தலையில இருந்தாத்தான் துரை. மடியில இருந்தா நீரு அடுத்த பெட்டி!"

"வேர்க்குல்லா வே!"

"துரைமாருக்கு வேர்க்காது. மாட்டும்!"

வாத்தியார் மாட்டிக்கொண்டார்.

இதைவிடப் பெரிய கூத்து, அசல் சீமைப் பாதிரியார் ஒருவரை இறக்கிவிட்டது. அவர் நம் மக்களோடு மக்களாக இருக்க விரும்பி வேட்டியும் தலைப்பாகையும் கட்டியவர். "தொப்பி இல்ல, எறங்கும்" என்றார் துரை. பாதிரியார் மகிழ்ச்சியோடு இறங்கிப் போய், வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மயக்கம் வராத குறை.

"அவரு வெள்ளைக்காரரு வே!"

"இருக்கட்டும். என்னத்த வச்சி நம்புததுக்கு?"

இப்படியிருக்கையில் மெயில் வண்டிக்குக் கார்டு வேலை காலியாயிற்று. அது சீமை வம்சத்தாருக்கு மட்டுமே கொடுக்கும் வேலை; சட்டைக்காரர்கள் தூரத்தில் நின்று கும்பிடலாம். கார்டுகளுக்கெல்லாம் மேலதிகாரியாகப் புதிதாக வந்த டிராபிக் துரை அசல் எடின்பரோக்காரர். நம்மவர் ரோஜாக்கொடிக் கதையை எடுத்துவிட, "என் தாயாரும் அந்த ஊர்தான்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். உத்தரவில் கையெழுத்துதான் பாக்கி. முக்கால் துரை முழுத் துரையாகப் போகிறார் என்று நாங்களே நம்ப ஆரம்பித்தோம்.

அப்போது ஆடி அமாவாசை வந்தது. பாபநாசத்தில் முழுகிவிட்டுத் திரும்பும் கூட்டத்துக்காக என்னைச் சேரன்மகாதேவிக்கு டிக்கெட் பார்க்க அனுப்பியிருந்தார்கள். உச்சி வெயில். வண்டி இன்னும் வரவில்லை. நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர், கிழவிக்கு அடுத்த வீட்டுக்காரர், பத்தமடைப் பாய் வியாபாரி ஒரு ராவுத்தர்.

"ஆட்டுக்குக் கொழை ஒடிக்கேன்னு பூவரசுல ஏறிருக்கா வே, இந்த வயசுல! தொடை எலும்பு போச்சு. பாளையங்கோட்டை ஆசுபத்திரிக்கு இன்னைக்கே கொண்டு போவணுமாம். மாட்டு வண்டில போனா குலுங்கியே செத்துருவா."

கட்டிலில் கிடந்தவள் பால்காரக் கிழவி. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை, கை, ஈர வேட்டி. படியில் தொங்குகிறவனைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன் தொங்குகிறான். கார்டு பெட்டியில் குற்றாலத்துப் பழக்கூடைகள் கூரைவரை. ஆளே இல்லாமல் வந்தது துரைமார் பெட்டி ஒன்றுதான். அதற்கு அடுத்த முதல் வகுப்பில், ஜன்னலோரம், டிராபிக் துரை.

நம் துரை கட்டிலைப் பார்த்தார். பவுடரையும் மீறி முகம் வெளுத்தது. துரைமார் பெட்டிக் கதவைத் திறந்தார். டிராபிக் துரை இறங்கிவிட்டார்.

"யார் இந்தப் பெண்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

எனக்கு விதிகள் தலைகீழ்ப் பாடம். நம் துரை காதில் கிசுகிசுத்தேன்: "ஆயான்னு சொல்லுங்க. ஐரோப்பிய ஊழியரோட வேலைக்காரி அதே பெட்டியில போகலாம், விதி இருக்கு." கிழவியும் பிழைப்பாள், மெயில் வேலையும் பிழைக்கும். இதைவிடச் சுத்தமான வழி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கிழவிக்குக் காது கூர்மை. துரை வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்தபடியே இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

"ஆமா சாமி. நான் ஆயாதான். துரையோட ஆயா."

துரை அந்தக் கூப்பிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் பார்த்திராத காரியத்தைச் செய்தார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே வழுக்கை, வெள்ளை வெளேரென்று. குனிந்து அதைக் கிழவி தலையில் வைத்தார்.

"என் தாயார், சார்," என்றார் இங்கிலீஷில். "ஐரோப்பிய உடையில் இருக்கிறார்."

கண்டாங்கிச் சேலை, காதில் பாம்படம், தலையில் தக்கைத் தொப்பி. ராவுத்தர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கிழவிக்குத்தான் கோபம் வந்துவிட்டது.

"ஏலே கூறுகெட்டவனே! தொப்பிய மாட்டுலே மொதல்ல. வெயிலு கொளுத்துது. கறுத்துருவ!"

டிராபிக் துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "விதி என்ன சொல்கிறது?"

"ஐரோப்பிய உடை அணிந்திருக்க வேண்டும் என்கிறது, சார். எவ்வளவு என்று சொல்லவில்லை."

அவருக்கு உதடு லேசாகக் கோணியது. "வண்டி தாமதமாகிறது," என்று சொல்லிவிட்டுத் தம் பெட்டிக்குள் போனார். கட்டிலோடு கிழவியை ஏற்றினோம். துரை மொட்டைத் தலையோடு வெயிலில் நின்று பச்சைக் கொடி காட்டினார்.

கிழவி பிழைத்தாள். குவார்ட்டர்ஸில் சில மாதம் இருந்து, கத்தி முள்ளை அடுப்பு கிளற எடுத்துக்கொண்டு, மகனோடு சண்டை போட்டு, ஆடுகளைப் பார்க்காமல் இருக்க முடியாதென்று கம்பை ஊன்றிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டாள்.

மெயில் வேலை வேறொருவருக்குப் போயிற்று. உத்தரவு வந்த அன்று ஸ்டேஷனில் யாரும் துரை முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் போய் விசாரித்தேன், ரொம்ப வருத்தமா என்று.

அவர் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மெயிலு சேர்மாதேவிப் பக்கம் வராதுல்லா வே," என்றார்.

வண்டி கிளம்பிய பிறகு டிக்கெட் குமாஸ்தாவுக்குப் பிளாட்பாரத்தில் வேலை கிடையாது, விதியும் அதுதான். ஆனாலும் அதற்குப் பிறகு செங்கோட்டை வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை நான் தினமும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.