காந்தமும் கிரைண்டரும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இதுவரை பிறந்தவர்களில் காந்தத்தைவிடப் பெரிய நியாயஸ்தன் கிடையாது. அந்த நியாயத்தால் ஒரு லாட்ஜே ஒரு வாரம் தோசையில்லாமல் கிடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் தங்கம் அக்காவின் லாட்ஜ். கீழே மெஸ், மேலே அறைகள். நான் பக்கத்து டுட்டோரியல் காலேஜில் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் ஓர் ஆராய்ச்சி மாணவர். மூன்றே அணு கனமுள்ள ஒரு குறைக்கடத்தித் தகட்டில் அங்கங்கே ஒரு மாங்கனீசு அணுவைச் செருகினால் அது காந்தமாகுமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. அந்தத் தகட்டை அவரும் கண்ணால் பார்த்ததில்லை.

அவருக்குப் பேர் வைத்தவர் எதிர் அறைச் சிலுவை அண்ணன். பூவாறு கடற்கரைக்காரர், வள்ளத்து எஞ்சின் மெக்கானிக்.

"எலே, ஒனக்க காந்தம் ஒரு நட்டைத் தூக்குமா?"

"தூக்காது அண்ணா."

"ஒரு குண்டூசி?"

"அதும் தூக்காது."

"பின்ன அது காந்தம்னு யாருலே சொன்னா?"

"இன்னும் யாரும் சொல்லல. அதத்தான் கணக்குப் போடுதேன்."

அன்றிலிருந்து அவர் காந்தம்.

எதையும் முன்கூட்டியே தீர்மானிக்கக் கூடாது என்பது காந்தத்தின் கொள்கை. காலையில் அக்கா, "தோசையா மக்கா?" என்றால், "என்ன உண்டுன்னு பாத்துட்டுச் சொல்லுதேன் அக்கா" என்பார். அங்கே என்றைக்கும் தோசை மட்டும்தான் உண்டு. அதியன்னூரில் பெண் பார்க்கப் போனார். பிடித்திருக்கிறதா என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, ஒரு தடவை பார்த்துச் சொல்வது சரியாகாது என்றார்.

"பின்ன எத்தனை தடவை பாக்கணும்?"

"முடிவு மாறாம வாறது வரைக்கும்."

தட்டிலிருந்த நேந்திரங்காய் வறுவலைக்கூட முடிக்க விடாமல் அனுப்பிவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்துப் பெரிய கம்ப்யூட்டரில் இடம் கிடைக்க வரிசையில் நிற்கவேண்டும். அவருடைய ஆராய்ச்சி கைடுக்கு வேண்டியவர்கள் மட்டும் நிற்கவேண்டாம். ஆகவே காந்தம் பழைய கம்ப்யூட்டர் பாகங்களைத் தேடிப் பூட்டி அறையிலேயே ஒன்று செய்துவைத்திருந்தார். அது நாள்கணக்கில் ஓடும். கீழே கிரைண்டரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கி, அது செத்துவிடும். இதற்காக ஓர் ஒப்பந்தம் உண்டு. அக்கா ஸ்விட்சில் கைவைத்துக்கொண்டு மேலே பார்த்து, "மக்கா, போடட்டா?" என்று கூவுவார். காந்தம் அதுவரை வந்ததைச் சேமித்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "போடுங்க அக்கா!" என்பார். மாவு ஆட்டி முடிந்தபிறகு அணுக்கள் மறுபடி கிளம்பும்.

கைடு வேறு ரகம். கணக்குத் தொடங்கும் முன்பே, தகடு காந்தம்தான் என்று ஊர் ஊராகக் கருத்தரங்குகளில் பேசிப் பொன்னாடை வாங்கியிருந்தார். காந்தத்தின் பதிவு அந்த மாதத்தோடு காலாவதி. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இத்தனை வருஷப் பாடும் போச்சு. அந்த நேரம் பார்த்துக் கணக்கு முடிந்தது. விடை பூஜ்யம். காந்தத்தன்மை துளிகூட இல்லை.

கைடு போனில் மலையாளமும் தமிழுமாகக் கத்தியது என் அறைக்கே கேட்டது.

"தொடக்க மதிப்பு எந்தா கொடுத்தே?"

"பூஜ்யம் சார்."

"எந்தினு? எதுக்கு?"

"உண்டுன்னு நாமளே முதல்ல சொல்லிக்குடுத்தா பட்சபாதமாயிராதா சார்?"

"எடோ, முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியுமெடோ இது!"

சாயங்காலம் மெஸ்ஸில் உட்கார்ந்து காந்தம் எங்களுக்கு விளக்கினார்.

"பூஜ்யத்துல தொடங்கினா கம்ப்யூட்டர் அங்கயே இருந்துரும் அக்கா. கொஞ்சம் உண்டுன்னு சொல்லிவிட்டாத்தான் தேடிப் பாக்கும். நெசத்துல இல்லன்னா அதுவே இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துரும். இது பட்சபாதமே இல்ல. நான்தான் பொட்டன். இனி முதல்லேருந்து ஓட்டணும், ஒரு வாரம், நடுவுல அணைக்காம. இல்லேன்னா தேதி தாண்டிரும்."

எல்லோரும் கிரைண்டரைப் பார்த்தோம்.

"செரி மக்கா, புட்டு அவிக்கேன்" என்றார் அக்கா.

முதல் நாள் தியாகிகளைப் போலப் புட்டும் பழமும் சாப்பிட்டோம். இரண்டு நாள் கழிந்ததும் மாங்கனீசைத் திட்ட ஆரம்பித்தோம். இஸ்திரிப் பெட்டிக்கும் தடை. நல்ல பாலராமபுரம் வேட்டியைக் கசங்கலாகக் கட்டிக்கொண்டு நான் இலக்கணம் எடுத்தேன். சிலுவை அண்ணன் தினமும் காலையில் கதவைத் தட்டி, "எலே, ஒனக்க மாங்கனீசுக்கு இன்னும் மனசு எளகல்லியா?" என்று கேட்பார். ஆனால் யாராவது புது ஆள் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு பிளக்கைத் தேடினால் முதலில் அடிக்கப் போவதும் அவர்தான்.

வாரம் முடிந்தபோது காந்தம் படியிறங்கி வந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் தெரியவில்லை, எப்போதுதான் தெரிந்திருக்கிறது?

"வந்துட்டு" என்றார்.

"நெறைய உண்டாலே?" என்றார் சிலுவை அண்ணன்.

"கொஞ்சமாக்கும்."

"குண்டூசி?"

"தூக்காது அண்ணா."

"தூக்காட்டா போட்டும்லே!" என்று அண்ணன் அவரை அப்படியே தூக்கிவிட்டார்.

அன்று கிரைண்டர் ஓடியது. மறுநாள் காலை அக்கா, "தோசையா மக்கா?" என்றார். "தோசைதான் அக்கா. இதுல பாக்க என்ன உண்டு?" என்றார் காந்தம். அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

ஆய்வேடு தேதிக்குள் போய்ச் சேர்ந்தது. கைடுக்கு இன்னொரு பொன்னாடை கிடைத்தது. காந்தத்துக்குக் கடல்தாண்டி வேலை கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டருக்கே தனிக் கட்டிடமாம், கீழே மெஸ் கிடையாதாம். அவர் அறையில் அக்கா தேங்காய் போட்டுவைத்திருக்கிறார். மாவாட்ட இப்போது ஒரு தடையும் இல்லை. ஆனாலும் அக்கா ஸ்விட்சில் கைவைத்துக்கொண்டு, மேலே பார்த்து, "மக்கா, போடட்டா?" என்று கூவிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "போடுங்க அக்கா!" என்று நானே மேலிருந்து குரல் கொடுத்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லண்டாம்" என்றார் அக்கா. "அது அவன் சொல்லுகதாக்கும்."