தோற்றதற்கு லட்டு கொடுத்த ஹைகோர்ட்டார்

வழக்கில் தோற்றதற்காகத் தெருவுக்கே லட்டு கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் ஹைகோர்ட்டார். பெற்றோர் வைத்த பெயர் கேஸ் கட்டில் மட்டும் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பெரம்பலூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியர். ஹைகோர்ட்டார் எங்கள் கட்சிக்காரர், குன்னம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். கிணறு தன் பங்கில் இருப்பதால் தனக்கே சொந்தம் என்றார் அவர். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தனக்கும் உரிமை உண்டு என்றார் தம்பி. கேஸ் போட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அவருக்கு மெட்ராஸ் ஹைகோர்ட் மீது அப்படியொரு பக்தி. தாத்தாவின் வரப்புத் தகராறு அங்கே வரை போயிருந்ததாம். மாட்டு வண்டியில் அரியலூர் போய் ரயில் பிடித்த தாத்தா, சிவப்புக் கட்டடத்தையும் அதன் உச்சியில் எரிந்த கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவந்து சொன்ன கதையைப் பேரன் வருஷத்துக்கொரு மாடி கட்டி வளர்த்திருந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் போட்ட குண்டு ஹைகோர்ட் மதிலில் விழுந்தது சரித்திரம். அதற்கு இவர் சொன்ன காரணம் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

"எங்க தாத்தா கேஸு கட்டு உள்ள இருந்துச்சுங்க. எதிராளி ஜெர்மனிக்கே தகவல் சொல்லிட்டான்."

"ஒரு வரப்புக்காகவா?" என்றார் சீனியர்.

"வரப்புன்னா சும்மாவா சார்?"

தன் கேஸும் அங்கே போக வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்குக் கீழே இரண்டு கோர்ட்டிலும் தோற்றாக வேண்டும். முதல் கோர்ட்டில் தோற்றார், லட்டு வந்தது. அப்பீலில் சீனியரின் கோட்டைப் பிடித்து, "கொஞ்சம் சுமாரா வாதாடுங்க சார்" என்று கெஞ்சினார். சீனியருக்கு ரோஷம் வந்து, கர்ஜித்து, ஜெயித்துத் தொலைத்தார்.

"கெடுத்துட்டீங்களே சார்! தோத்தவன்தான மெட்ராசுக்குப் போவ முடியும்?" என்று கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனார்.

"டேய், நீ குடுத்து வச்சவன்டா, தோத்துட்ட. ஹைகோர்ட்டுல அப்பீல் போடு."

"வெங்காயம் காயுதுண்ணே. நான் எங்க மெட்ராசுக்குப் போறது?"

"தண்ணிய எடுத்துக்க. அப்பீல மட்டும் போட்டுடு!"

மறுநாளே தம்பி மோட்டார் போட்டார். வெங்காயம் தேறியது, அப்பீல்தான் நகரவில்லை. "களை வெட்டிக்கறேன்ணே", "வெங்காயம் புடுங்கிக்கறேன்ணே" என்று சொல்லிச் சொல்லியே கெடு முடிந்துபோனது. ஹைகோர்ட்டார் சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டார். தம்பிக்கு விட்ட கிணற்றுத் தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. மனசு கேட்காத தம்பி, அந்தக் கட்டடத்தையாவது காட்டிவிடலாம் என்று அரியலூரில் ரயிலேற்றி அழைத்துப் போனார்.

திரும்பி வந்ததும் தம்பிதான் எங்கள் ஆபீசுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஹைகோர்ட் வாசலில் போலீஸ்காரர் நிறுத்தி, "என்ன கேஸ், பெரியவரே?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்காகவே உயிரை வைத்திருந்த மனிதர், தம்பியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாராம்:

"கேஸெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இவன் என் தம்பி."

எனக்கு உடனே குன்னத்துக்கு பஸ் ஏறிப்போய் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.